பலகை தட்டும் கஸ்பர்

பலகைதட்டி என்று ஒரு ரகம் மனிதர் உண்டு. பனி விழுகிற மலையடிவாரம் எதுவானாலும் ஊருக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் ஃபோரார்ல்பெர்க் மலைநாட்டுப் பக்கத்தில் ஊருக்கு நாலு பேர். கண்டுபிடிப்பது சுலபம். பனிச்சறுக்குப் பலகை விற்கிற கடைக்குள் நுழைந்ததும் விலைச்சீட்டைப் பார்க்கிறவர் உங்களையும் என்னையும் போன்ற சாதாரணப் பிறவி. பலகைதட்டி அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார். பலகையைச் சுவரிலிருந்து எடுத்து, ஒற்றைக் கண்ணை மூடி அதன் முதுகு நெடுக ஒரு நோட்டம் விட்டு, வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை ஒரு கையால் பிடித்து, மறு உள்ளங்கையால் வயிற்றை ஓர் அமுக்கு அமுக்கி, ஜோடியை அடியோடு அடி சேர்த்து நடுவில் தெரிகிற வெளிச்சத்தை அளந்து, ஓரத்து எஃகில் கட்டைவிரல் நகத்தைச் சுரண்டி, சுரண்டிய தூளை ஊதி, கடைசியில் விரல்முட்டியால் இரண்டு தட்டு தட்டி, காதைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, "ம்" என்பார்.

அவ்வளவுதான். கடைக்காரருக்கு வியர்த்துவிடும்.

"ஏன், நல்லா இல்லையா?"

"நான் ஒண்ணும் சொல்லலியேப்பா. இப்பல்லாம் எவன் மரம் வெக்கிறான்? நுரைய ஊத்தி மூடிடறானுங்க."

வாங்குவாரா? வாங்க மாட்டார். வாங்க வந்திருந்தவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

எங்கள் ஊர்ப் பலகைதட்டிகளின் தலைவர் பெயர் கஸ்பர் ஃபெஸ்லர். வயது அறுபத்து மூன்று. மீசை, சிவப்புத் தொப்பி, தேய்ந்த வலது முட்டி. மாதா கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதே பெஞ்சைத் தட்டிப் பார்த்து "பீச் மரம்" என்று பக்கத்து ஆளிடம் சொன்னவர். மகள் கல்யாணத்தில் எல்லோரும் ஆடிக்கொண்டிருக்க, குனிந்து நடனமேடையைத் தட்டியவர். பந்தயத்தில் ஜெயித்தால் கஸ்பர் ஜெயித்தார். விழுந்தால் பலகை தள்ளிவிட்டது. முப்பது வருடமாக இதுதான் கணக்கு. டாக்டர் அவர் முட்டியைப் படம் எடுத்துக் காட்டி, தேய்ந்திருக்கிறது என்று சொன்னபோதும் மனிதர் அசரவில்லை.

"முட்டி இல்ல டாக்டர். போன வருஷத்துப் பலகை."

நான் இங்கே ஒரு சின்னப் பலகைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக விளிம்பு தீட்டுகிறேன். அதனால் உங்களுக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்ல முடியும். பலகை என்பது ஒரு பெரிய அடுக்கு. அடியில் வழுக்குகிற பிளாஸ்டிக், இரண்டு ஓரத்திலும் எஃகு, மேலே கண்ணாடி நார்த் துணி, நடுவில் மரம், மறுபடியும் துணி, எல்லாவற்றுக்கும் இடையில் பசை. அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்தி எடுத்தால் முடிந்தது. நடு மரம் ஆஷ் என்றால் தட்டும்போது 'டிங்' என்று மெல்லியதாக ஒரு மணிச்சத்தம் வரும். பாப்லர் என்றால் 'டொக்'. நல்ல காது இருந்தால் போதும். மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என்றைக்காவது உதவும்.

போன பிப்ரவரியில் எங்கள் தொழிற்சாலையில் சோதனை நாள் வந்தது. சோதனை நாள் என்றால், ஊர்க்காரர்கள் எட்டுப் பேரை மலைக்கு வரவழைத்து, பெயரில்லாத கறுப்புப் பலகைகளைக் காலில் மாட்டி அனுப்பி, எது நன்றாக இருக்கிறது என்று சீட்டில் எழுதச் சொல்வது. இரண்டு ஜோடி வைத்திருந்தோம். ஒன்றாம் எண், பதினைந்து வருடமாக நாங்கள் செய்துவரும் பழைய மாதிரி. மரத்துக்கு மேலும் கீழும் உலோகத் தகடு. இரண்டாம் எண், எங்கள் வடிவமைப்பாளர் ரோஸ்விதா இரண்டு குளிர்காலம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. தகடே கிடையாது, ஆஷ் மரம், விளிம்பை ஒட்டி மெல்லிய ரப்பர் பட்டை. முதலாளி டிரெக்சல் தீர்மானமாகச் சொல்லியிருந்தார்: சீட்டு இரண்டுக்கு விழுந்தால் புது அச்சு வார்ப்பது, ஒன்றுக்கு விழுந்தால் ரோஸ்விதாவின் வரைபடங்களை மூட்டை கட்டிப் பரணில் போடுவது.

எட்டுச் சீட்டு என்று பெயர். உண்மையில் ஒரே சீட்டுதான். கஸ்பர் வாயைத் திறக்கும்வரை ஒருவரும் பென்சிலைத் தொட மாட்டார்கள். கஸ்பரோ, தகடு இல்லாத பலகையை ரொட்டி வெட்டத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று பத்து வருடமாகச் சொல்லி வருகிறார். ரோஸ்விதா அன்று காலையில் காபியைக்கூடத் தொடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

முதல் ஆளாகக் கஸ்பரோடு ரோஸ்விதாவும் நானும் மேலே போனதும் சங்கடம் ஆரம்பித்தது. சாக்பீஸால் எழுதியிருந்த எண்களைப் பனி துடைத்துவிட்டது. நாலு கறுப்புப் பலகைகள், நாலும் பார்வைக்கு ஒரே மாதிரி. இப்படி ஆகலாம் என்று நான் முன்பே எதிர்பார்த்து, மூக்குப் பக்கத்தில் ஊசியால் புள்ளி குத்தி வைத்திருந்தேன்; ஒன்றுக்கு ஒரு புள்ளி, இரண்டுக்கு இரண்டு.

"கொஞ்சம் பொறுங்கண்ணே, பாத்து ஜோடி சேத்துத் தர்றேன்" என்றேன்.

"தள்ளுய்யா! காது எதுக்கு இருக்கு?"

நாலையும் தட்டினார். காதை வைத்தார். ஒன்றை ஒதுக்கினார், மறுபடி சேர்த்தார். கடைசியில் இரண்டை எடுத்து நிறுத்தினார்.

"இது ரெண்டும் ஒரே வயித்துப் புள்ளைங்க. உள்ள தகடு. மணி மாதிரி பேசுது பாரு."

நான் பார்த்தேன். ஒன்றில் ஒரு புள்ளி, மற்றதில் இரண்டு. வாயைத் திறந்தேன். ரோஸ்விதாவின் பூட்ஸ் என் பூட்ஸின் மேல் ஏறி நின்றது. மூடிக்கொண்டேன்.

கஸ்பர் சறுக்கி இறங்கினார். பழைய ஆட்டக்காரர், அதில் குறையில்லை. நாங்களும் பின்னாலேயே வந்து சேர்ந்தோம். கீழே முதலாளியும் மற்ற ஏழு பேரும் பென்சிலோடு தயார்.

"எப்டி கஸ்பர்?"

"கேக்கணுமா? எடது காலு அப்டியே தண்டவாளம். ஐஸ் மேல ஒரு மயிரிழை நகரல. தகடுன்னா தகடுதான். ஒண்ணுன்னு எழுதுங்க."

"வலது?"

"அது கொஞ்சம் நடுங்குது. பலகை என்ன பண்ணும் பாவம்? என் முட்டி தேஞ்சு கெடக்கு."

யோசித்துப் பாருங்கள். முப்பது வருடம் முட்டியின் பழியையெல்லாம் பலகையின் மேல் போட்டவர், அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பலகையின் பழியை முட்டியின் மேல் போட்டார்.

ஏழு பென்சில்களும் குனிந்தன. "ஒரு நிமிஷம்" என்றாள் ரோஸ்விதா. "அண்ணே, முட்டிக்கு அலுப்பு குடுப்பானேன்? பலகைய எடதுக்கும் வலதுக்கும் மாத்திப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவ வாங்களேன். அந்தத் தண்டவாளம் வலது காலத் தாங்கிக்கும்."

"புத்திசாலிப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு, மாற்றி மாட்டிக்கொண்டு மேலே போனார்.

வந்தார். முகம் சரியில்லை.

"இப்ப எப்டி?"

"வலது... பிடிக்குது."

"எடது?"

மீசையைத் தடவினார். தொப்பியைக் கழற்றி மாட்டினார். "நடுங்குது."

"முட்டி எடம் மாறிடுச்சா கஸ்பர்?" என்றார் முதலாளி.

ஏழு பேரும் சிரித்த சிரிப்பில் பனிச்சரிவு வந்திருக்க வேண்டும். ரோஸ்விதா பனியில் மண்டியிட்டு, இரண்டு பலகைகளின் மூக்கையும் துடைத்து, புள்ளிகளைக் காட்டினாள். தண்டவாளத்தில் இரண்டு புள்ளி. நடுங்கியதில் ஒன்று. அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்று என்று சொன்னாள். பென்சில்கள் கஸ்பரைக் கேட்காமலே எழுதியது எங்கள் ஊர் வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

கஸ்பர் திருந்தியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? அன்று மதியமே விடுதியில், பார்லி சூப்புக்கு நடுவில், மேஜையைத் தட்டித் தட்டி நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"தகடெல்லாம் அந்தக் காலம்ப்பா. ஆஷ் மரமும் ரப்பரும்தான். தட்டினப்பவே எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு மனசு ஒடஞ்சிடக் கூடாதுன்னு ஒரு நாடகம் போட்டேன்."

ரோஸ்விதா அவருக்கு இன்னொரு தட்டு சூப் சொன்னாள். புது அச்சு ஏப்ரலில் வந்துவிட்டது.

சிரித்தீர்களா? நல்லது. இப்போது ஒரு சின்ன விஷயம். ஆஷ் என்றால் 'டிங்', பாப்லர் என்றால் 'டொக்' என்று நான் சொன்னேனே, நீங்களும் தலையாட்டினீர்களே, அது சும்மா நானாக அள்ளி விட்டது. பசையிலும் துணியிலும் பிளாஸ்டிக்கிலும் எஃகிலும் மூடிக் கிடக்கிற மரம் தட்டினால் என்ன சொல்லும் என்று இருபத்திரண்டு வருடத்தில் என் காதுக்கே கேட்டதில்லை. அது இருக்கட்டும். உண்மையைச் சொல்லுங்கள், அந்த டிங், டொக்கை யாரிடம் எடுத்துவிடலாம் என்று மனதுக்குள் ஆள் பார்த்து வைத்திருந்தீர்கள்?