ஆய்வேட்டுக்குச் செக்குபந்தி

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஒரு முற்றுப்புள்ளிகூடக் கைவசம் இல்லாமல் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்க வந்தவள் செக்குபந்தி ஒருத்திதான். பாபநாசத்தில் அவள் அப்பா பத்திர எழுத்தர். ப்ளஸ் டூ லீவிலிருந்தே அவருக்குப் பத்திரம் டைப் அடித்துப் பழகிய கை. பத்திரத்தின் முதல் பக்கத்தில் ஆரம்பிக்கிற வாக்கியம் ஐந்தாம் பக்கத்தில்தான் முடியும். கூட்டாட்சி பற்றி அவள் எழுதிய முதல் கட்டுரையும் அப்படித்தான்: மூன்று பக்கம், ஒரே வாக்கியம். வகுப்பில் வாசித்துக் காட்டிய மேடம் பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

நிலத்துக்கு நான்கு பக்கமும் எல்லை எழுதுவதற்குப் பத்திரத்தில் செக்குபந்தி என்று பெயர். ஹாஸ்டலில் என் கட்டிலுக்கும் தன் கட்டிலுக்கும் நடுவே முதல் நாளே அதைக் கேட்டுவிட்டாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

கட்டுரைக்குச் சான்று எங்கே என்று மேடம் ஒருமுறை திருப்பிக் கொடுத்தார். மறுநாள் அதே கட்டுரை வந்தது. கீழே 'சாட்சிகள்' என்று போட்டு, ஒன்று நான், இரண்டு மெஸ் சமையல்கார அக்கா, முழு முகவரியோடு கையெழுத்து. சமாசாரம் தெரியாமல் போட்டுத் தொலைத்தோம். சான்று என்றால் புத்தகப் பெயர், பக்க எண் என்று மேடம் பொறுமையாக விளக்கினார்.

"புத்தகம் கோர்ட்டுக்கு வந்து சொல்லுமா மேடம்?" என்றாள் இவள்.

அன்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. கடைசி செமஸ்டரில் என் ஆய்வேடு இரண்டு முறை திரும்பி வந்தபோது சிரிப்பெல்லாம் போய்விட்டது. மூன்றாவது முறையும் திரும்பினால் ஒரு வருடம் வீண்; வீட்டில் படிப்பை மூட்டை கட்டிவிட்டு ஜாதகத்தைத் தூக்கிவிடுவார்கள். தலைப்பு, 'இந்தியாவில் ஜனநாயகம்'. அழுகையை அடக்கிக்கொண்டு அவளிடம் நீட்டினேன்.

"வடக்கே என்னடி?" என்றாள்.

"இமயமலை."

"தெக்கே?"

"சமுத்திரம்."

"நடுவுல கெடக்கறது மொத்தத்தையும் நீயே உழப் போறியா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பாழாய்ப்போனவள் கேட்டது நியாயம். இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லை போட்டோம். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர், அங்கே வாய்க்கால் பாசனச் சங்கத் தேர்தல், அதிலும் கடைசி இரண்டு தேர்தல், அதிலும் ஓட்டுப் போட்ட பெண்கள். அதற்கு வெளியே ஒரு வரப்புகூட என்னுடையதல்ல.

அத்தோடு விட்டாளா? என் வாதமே சாய்ந்து நின்ற மேற்கோளில் கை வைத்தாள். சிறிய சங்கங்களில் ஓட்டுப் போட்டுப் பழகினால் ஜனங்களுக்குப் பயம் விட்டுப்போகும் என்று ஓர் அறிஞர் சொன்னதாக ஒரு கைடில் இருந்தது.

"தாய்ப்பத்திரம் பாத்தியா?" என்றாள்.

மூலப் புத்தகத்தை நான் பார்க்கவில்லை. கைடிலிருந்து ஒரு கட்டுரை, கட்டுரையிலிருந்து ஒரு பழைய புத்தகம் என்று நூலகத்தில் தூசி தட்டிக்கொண்டே போனாள். அந்தப் புத்தகத்தில் அறிஞர் அதை மற்றவர்கள் சொல்லும் பேச்சாகத்தான் எடுத்துப் போட்டிருந்தார். அடுத்த பக்கம் முழுக்க அதை மறுத்திருந்தார். மேற்கோள் எடுத்த புண்ணியவான்கள் யாரும் பக்கத்தைத் திருப்பவில்லை.

சமர்ப்பிக்க நான்கே நாள். யாருக்கும் தெரியாது, அப்படியே விட்டுவிடலாம் என்று கெஞ்சினேன்.

"வில்லங்கம் தெரிஞ்சே விக்கக் கூடாதுடி."

அத்தியாயம் முழுவதையும் மாற்றி எழுதினேன். டைப் அடித்தது அவள், முற்றுப்புள்ளி வைத்தது நான்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் முதலில் கேட்டதே அந்த அறிஞரைப் பற்றித்தான். அடுத்த பக்கத்தில் இருந்ததைச் சொன்னேன். தலையாட்டினார். அப்பாடா என்று மூச்சு விடும்போது கடைசித் தாளைத் திருப்பி, இது என்னம்மா என்றார்.

எட்டிப் பார்த்தேன். 'மேற்படி புத்தகங்களை இவள் தானே படித்து எழுதியதற்குச் சாட்சி' என்று அடித்து, கீழே அவள் கையெழுத்து. பாபநாசம் முகவரியோடு.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நூலகத்துக்குப் போகும் பிரதியில் அந்தத் தாள் வேண்டாம் என்று உருவி என் கையில் கொடுத்தார். பாஸ்.

அவள் இப்போது சென்னையில் பிஎச்.டி. செய்கிறாள். முற்றுப்புள்ளி வைக்கிறாளாம், நான் நம்பவில்லை. எங்கள் வீட்டுப் பத்திரத்தைப் போன மாதம் பாங்க் லாக்கரில் வைத்தோம். அந்தத் தாளையும் வைத்துவிடலாம் என்றார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. அது என் தலைமாட்டு அலமாரியிலேயே இருக்கிறது.