இருபத்திரண்டு அடி கார் ஷெட்

அடுத்த கிறிஸ்துமஸுக்குள் நம் வீட்டு வாசலில் ஒரு அமெரிக்கக் கார் நிற்க வேண்டும் என்று ஓடைப்பட்டி அந்தோணிமுத்து தீர்மானம் செய்தபோது, அவரிடம் இருந்தவை மூன்று. இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம், ஒரு டிராக்டர், செலின். டிராக்டரை அவர் ஓட்டுவார். அவரைச் செலின் ஓட்டுவாள். கார் ஓட்ட அவருக்குத் தெரியாது. அது ஒரு பெரிய விஷயமாக அவருக்குப் படவில்லை.

இது நேற்று முளைத்த ஆசை இல்லை. அவருக்கு ஏழு வயதில் சின்னமனூரில், மேகமலை ரோடு பிரிகிற இடத்தில், எஸ்டேட் மானேஜர் ஒருவரின் கார் ரேடியேட்டர் கொதித்து நின்றுபோனது. நீலக் கார். கூரை மட்டும் வெள்ளை. பின்பக்கம் இரண்டு இறக்கை. நீளம் என்றால் அப்படியொரு நீளம், மூக்கு இந்தக் கடை வாசலிலும் வால் அடுத்த கடை வாசலிலுமாக நின்றது. அந்தோணி டீக்கடை வாளியில் தண்ணீர் சுமந்து வந்து கொடுத்தான். மானேஜர் சிரித்துக்கொண்டே முன்கதவைத் திறந்து, "உக்காந்து பாரு" என்றார். வெயிலில் சுட்ட சிவப்பு சீட்டில் அவன் உட்கார்ந்தது இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி முடிக்கிற நேரம்தான். பிறகு இறக்கிவிட்டு, கார் மலையேறிப் போய்விட்டது.

அதற்கப்புறம் ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. கல்யாணம் ஆயிற்று, ஒரே மகளைத் திருச்சியில் கட்டிக் கொடுத்தாயிற்று, தலையில் முடியும் போயிற்று. அந்தச் சிவப்பு சீட்டின் சூடு மட்டும் தொடையை விட்டுப் போகவில்லை. திராட்சைக்கு மருந்தடிக்கும்போது சில நாள் நடுப்பந்தலில் அப்படியே நின்றுவிடுவார். மருந்து தீர்ந்து வெறும் காற்று வந்துகொண்டிருக்கும். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். ஒரு மனிதன் ஐம்பது வருஷம் ஒரே காரை நினைத்து ஏங்குவதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

அப்படி இருக்கையில்தான் ஐம்பது வருஷத்துக்கு மேல் பழைய கார் என்றால் வெளிநாட்டிலிருந்து கொண்டு வரலாம் என்ற செய்தி அவர் போனுக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்கு அவர் தோட்டத்துக்கே போகவில்லை. தேனி பக்கம் கிடந்த ஒரு மனையை விற்ற பத்து லட்சம் பாங்கில் இருந்தது. அதற்குள் கார், கப்பல், சுங்கவரி, கொச்சியிலிருந்து வீடு வரை லாரி என்று எல்லாம் அடங்க வேண்டும். கொச்சி ஏஜெண்டைப் பிடித்து விசாரித்தார். அவர் மலையாளமும் தமிழும் கலந்து ஒரு மணி நேரம் விளக்கியதில், காரின் விலையைவிட அதற்குக் கட்டுகிற வரி பெரிதாக இருக்கும் என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. ஓடுகிற கார் உங்கள் பணத்துக்குக் கட்டாது சேட்டா, ஓடாத கார் ஒன்று பாருங்கள் என்று கடைசியில் அவரே வழியும் சொன்னார்.

ஓடாத கார் தேடும் வேலை அருண் ஜோசப்பிடம் போனது. அருண் ஜோசப் செலினின் அக்கா மகன், ஒஹாயோவில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். மூன்றே வாரத்தில் போட்டோ அனுப்பிவிட்டான். ஒரு விவசாயியின் வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் நிற்கிற ஐம்பத்தொன்பதாம் வருஷத்துச் செவர்லே. என்ஜின் இறுகிப்போயிருந்தது. ஒரு பக்கம் கண்ணாடி இல்லை. பின்சீட்டில் கோழி அடை காத்தது.

"ஆனா எறக்கை ரெண்டும் இருக்கு சித்தப்பா" என்றான் அருண்.

நிறம் நீலம். அந்தோணிமுத்து போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். கோழியையும் சேர்த்தே அவருக்குப் பிடித்துவிட்டது. பனிக்காலம் முடிந்தால்தான் காரை வெளியே இழுக்க முடியும், அதுவரை யாருக்கும் விற்பதில்லை என்று அந்த விவசாயி வாக்குக் கொடுத்திருந்தார். இனி செலினிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் அவர் தயங்கினார். காரணம் அந்த வீட்டுச் சமையலறை. ஆறடிக்கு ஐந்தடி. கூரை தாழ்வு, வாசல் நிலை அதைவிடக் குட்டை. கல்யாணமாகி வந்த அன்று செலின் நெற்றியில் இடித்த தழும்பு இன்னும் புருவத்துக்கு மேல் இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக அவள் குனிந்தே உள்ளே போய், குனிந்தே சமைத்து, குனிந்தே வெளியே வருகிறாள். கொஞ்சம் பெரிதாக எடுத்துக் கட்டலாமே என்று வருஷத்துக்கு ஒருமுறை கேட்பாள். அவரும் வருஷத்துக்கு ஒருமுறை "பாப்போம்" என்பார். அந்தப் "பாப்போம்" இருபத்தாறு சேர்ந்திருந்தது. மனை விற்ற பணம் வந்தபோது கடைசியாகக் கேட்டாள். அப்போதும் அதே பதில்தான்.

ஆகவே ஒரு பெரிய சண்டைக்குத் தயாராகி, காரைப் பற்றி மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். செலின் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஆசைப்பட்டுட்டீக, வாங்குங்க" என்றாள். "வண்டிய எங்கன நிறுத்துவீக?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷம் இவளைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று கண்கூடக் கலங்கியது. வாசலில் நிறுத்தலாம் என்று இழுத்தார்.

"ஏற்கனவே துருப்பிடிச்ச வண்டிங்கறீக. நம்ம ஊரு சாரலுக்கு அது தாங்குமா? மொதல்ல ஒரு ஷெட்டப் போடுங்க. ஷெட்டில்லாம காரு வாங்குனா ஊரு சிரிக்கும்."

நியாயமான பேச்சு. எவ்வளவு நீளம் வேண்டும் என்று அருணுக்குப் போன் போட்டார். அளந்து சொல்கிறேன் என்றவன், மறுநாள் கூப்பிட்டு, இருபத்திரண்டு அடி நீளமும் பன்னிரண்டு அடி அகலமும் இல்லாமல் அந்த வண்டியைத் தொடக்கூடாது என்று அடித்துச் சொன்னான். வீட்டின் கிழக்குப் பக்கம், சமையலறையை ஒட்டிக் காலியாகக் கிடந்த இடம் அந்த அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அந்தோணிமுத்துவுக்கு இதில் தேவசித்தம் தெரிந்தது.

கொத்தனார் சுருளி வந்து நூல் பிடித்தார். நாலு கால் நட்டு மேலே தகரம் போட்டால் முடிந்தது என்றுதான் அந்தோணிமுத்து நினைத்திருந்தார். ஆனால் செலின் தினமும் டீயோடு வருவாள். டீ ஒரு தம்ளர், கேள்வி ஒன்று. தகரம் போட்டால் வெயிலில் பெயிண்ட் வெந்துவிடாதா என்றாள். கான்கிரீட் கூரையாயிற்று. கார் கழுவுகிற தண்ணீர் எங்கே போகும் என்றாள். டைல்ஸ் தரையும் சாக்கடைக் குழாயும் வந்தன. கிரீஸ் கையோடு வீட்டுக்குள் வருவீர்களா என்றாள். குழாய் வைத்து ஒரு ஸ்டீல் தொட்டி பதித்தார்கள். பழைய வண்டி புகை கக்குமே என்றாள். கிழக்கே பெரிய ஜன்னலும் அதற்கு மேல் புகை இழுக்கிற ஃபேனும் ஏறின.

"குனிஞ்சு குனிஞ்சு ஸ்பேனர் எடுத்தா உங்க இடுப்பு என்னத்துக்காகும்?" என்று ஒரு நாள் கேட்டாள். குனிவதைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்ன. இடுப்பு உயரத்துக்குக் கருப்புக் கல்லில் நீளமாக ஒரு மேடை கட்டச் சொன்னார் அந்தோணிமுத்து. அளவெடுக்கிற அன்று அவர் தோட்டத்தில் இருந்ததால், சுருளி செலினை நிற்க வைத்து அளந்துகொண்டார். ஸ்பேர் பார்ட்ஸ் வைக்க மேடைக்கு மேலே அலமாரிகளும் வந்தன. பெரிய டப்பாவுக்குப் பெரிய தட்டு, சின்ன டப்பாவுக்குச் சின்ன தட்டு. இவ்வளவு யோசித்துச் செய்கிறாளே என்று அவர் மனசு நெகிழ்ந்து போனது. தன் ஆசையை இந்த உலகத்தில் ஒருத்தியாவது புரிந்துகொண்டாள் என்று நினைத்தார். அந்த வாரம் அவளுக்கு ஒரு சேலைகூட எடுத்துக் கொடுத்தார்.

கடைசியாக முன்பக்கம். ஷட்டர் வைக்க வேண்டும் என்றார் அவர். ஷட்டர் விலையைக் கேட்டுவிட்டு வந்து சொன்னாள் செலின்.

"வண்டியே இன்னும் வரலியே. அதுவரைக்கும் தெறந்து கெடந்தா ஊரு ஆடு பூரா உள்ள வந்து படுத்துக்கிரும். இப்பதிக்குச் செவுத்த வச்சு ஒரு கதவப் போட்டுருவோம். வண்டி வர்ற அன்னைக்கு இடிச்சுக்கலாம்."

அவர் சுருளியைப் பார்த்தார். "இடிக்கிறது அரை நாள் வேலைண்ணே" என்றார் சுருளி, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

இப்படியாக உலகத்திலேயே மூன்றரை அடி அகலக் கதவு வைத்த ஒரே கார் ஷெட் ஓடைப்பட்டியில் எழுந்து நின்றது.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தோணிமுத்து உள்ளே போனார். அமெரிக்கக் காரில் ஸ்டீயரிங் இடது பக்கம். அந்த இடத்தைக் கணக்குப் பண்ணி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே பந்தல்கள் தாண்டி மேகமலை தெரிந்தது. இரண்டு கையையும் நீட்டி மெதுவாகத் திருப்பினார். மலையின் முதல் வளைவில் திரும்பி, இரண்டாவது வளைவில் ஹாரன் அடித்து, மேகத்துக்குள் போனார். சாயங்காலம் அதுவே வழக்கமாகிவிட்டது. பழைய சமையலறையின் சின்ன ஜன்னல் வழியாகச் செலின் அதைப் பார்ப்பாள். ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை.

ஷெட்டை மந்திரிக்கப் பங்குச்சாமியாரை அழைத்து வந்ததும் அவரேதான். சாமியார் உள்ளே வந்து சுற்றும்முற்றும் பார்த்தார்.

"வண்டி எங்க?"

"அமெரிக்காவுல இருக்கு சாமி."

சாமியார் புத்தகத்தைப் புரட்டினார். வாகனம் மந்திரிக்க ஒரு செபம் இருந்தது. வீடு மந்திரிக்க ஒரு செபம் இருந்தது. வாகனம் இல்லாத வாகனக் கொட்டகைக்கு எதுவும் இல்லை. யோசித்துவிட்டு வீட்டுச் செபத்தையே சொல்லித் தீர்த்தம் தெளித்தார். வீட்டுச் செபம் சொல்லியாகிவிட்டது, இனிப் பால் காய்ச்சாமல் விட்டால் நன்றாக இருக்காது என்று செலின் சொன்னாள். அதுவும் சரியாகத்தான் பட்டது. அந்தோணிமுத்துவே பழைய சமையலறையிலிருந்து கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் தூக்கி வந்தார். மேடை மேல் வைத்தார். ஃபேனுக்கு நேர் கீழே, அடுப்பு அளவெடுத்தது போல உட்கார்ந்தது. பால் பொங்கியது. வந்திருந்த பெண்கள் பாயசம் குடித்துவிட்டு அடுப்படி அருமையாக அமைந்திருக்கிறது என்றார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் போய், இது கார் ஷெட் என்று திருத்தினார்.

மறுநாள் காலையில் ஷெட்டுக்குள்ளிருந்து தோசை வாசம் வந்தது.

"அடுப்ப எடுக்கலியா?"

"பால் காய்ச்சுன அடுப்ப ஒரு வாரத்துக்கு அசைக்கக் கூடாதாம்ல."

யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. புதன்கிழமை மிக்ஸி வந்தது. வெள்ளிக்கிழமை கிரைண்டர் வந்தது. மறுவாரம் ஸ்பேர் பார்ட்ஸ் அலமாரியில் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் வரிசையாக ஏறின. அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. பாங்குக்கு ஓடினார். இருந்த பாக்கியில் காரின் ஒரு இறக்கையைக்கூடக் கப்பலேற்ற முடியாது. வெளியே வந்து வேப்பமரத்து நிழலில் நின்று அருணைக் கூப்பிட்டார்.

"ஏலே, அந்த வண்டி நெசமாவே இருபத்திரண்டு அடியா?"

அந்தப் பக்கம் அருண் ஒருமுறை இருமினான்.

"பதினேழரை சித்தப்பா."

"பெறகு?"

"சித்திதான் இருபத்திரண்டுன்னு சொல்லச் சொன்னாக. கிரைண்டருக்கும் எடம் வேணும்னாக."

காரை விற்றுவிட்டார்களா என்று மட்டும் கேட்டார். இல்லை, அங்கேயேதான் நிற்கிறது, கோழி குஞ்சு பொரித்துவிட்டது என்றான் அருண்.

வீடு வரைக்கும் அவர் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டே வந்தார். அதில் துரோகம் என்ற வார்த்தை மூன்று இடத்தில் வந்தது. வந்த வேகத்தில், இருபத்தாறு வருஷப் பழக்கத்தில், கதவருகே குனிந்தார். குனியத் தேவையில்லாத கதவு அது. நிமிர்ந்தார்.

செலினும் நிமிர்ந்து நின்றிருந்தாள். மேடை அவள் இடுப்புக்குச் சரியாக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ, முதுகு நேராக நின்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். சமைக்கிறபோது அவள் இவ்வளவு உயரம் என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டு வேறு. அவளும் எதையோ நினைத்து இத்தனை வருஷம் நின்றிருக்கிறாள், தான் மருந்து தீர்ந்தது தெரியாமல் பந்தலில் நின்றதைப் போல. தயார் செய்த பேச்சில் முதல் வார்த்தைகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"செலினு, என் காரு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருந்தது. கொஞ்சம்தான். கரண்டியால் ஜன்னலோரம் காட்டினாள். கிரைண்டர், அரிசி டிரம், தண்ணீர்க் குடம் எல்லாம் வந்து ஷெட்டை அடைத்திருந்தாலும், இடது பக்கம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி போட்ட இடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றி ஒரு சாமானும் வைக்கவில்லை.

"அத மட்டும் நகத்தல. உக்காருங்க, தோச ஆறிரும்."

அவர் உட்கார்ந்தார். தட்டு மடிக்கு வந்தது. எதிரே மேகமலை அப்படியே இருந்தது. முதல் வளைவு வரை ரோடு தெரிந்தது. அந்த நீலக் கார் இப்போது இறங்கி வந்தாலும் வரும் என்பது போல ஒரு கணம் அங்கேயே பார்த்தார். ஆசை போகவில்லை. பாங்கில் பணம் போனால் ஆசையும் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோசையும் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது தோசைக்கு அப்புறம் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"அடுத்த போகம் திராட்சை நல்லா வந்தா, அந்த வண்டிய எடுத்துருவோமா செலினு?"

செலின் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"பாப்போம்" என்றாள்.