ஏறச் சொன்னால் இறங்கும் நாற்காலி

"மேலே" பட்டனை அழுத்தினால் நாற்காலி கீழே போனது. "கீழே" பட்டனை அழுத்தினால் மேலே வந்தது.

"இது என்னய்யா அநியாயம்?" என்று அதில் உட்கார்ந்திருந்த மேனேஜர் கத்தினார். "சாயங்காலம் இந்த நாற்காலியைப் பார்க்க பல் டாக்டர் வர்றார். அவருக்குப் பிடிச்சாத்தான் ஆர்டர். சொதப்பினா, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர்ல தப்பு யார் மேலயோ அவங்க வீட்டுக்குப் போகலாம்!"

புருஷனுக்கு ஆபீசில் அட்டவணைக்காரர் என்று பெயர். நாற்காலிக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டருக்கு, வயர் மாட்டும் கம்பிமுனைகளான பின்களில் எந்தப் பின்னில் எந்தப் பட்டன் இருக்கிறது என்று தானாகத் தெரியாது. ஐந்தாம் பின் ஏறுவதற்கு, ஆறாம் பின் இறங்குவதற்கு என்று, ஃபர்ம்வேர் என்கிற உள் புரோகிராமில் அட்டவணை எழுதிக் கொடுக்க வேண்டும். அதை ஓஎஸ், அதாவது கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டம், மறுபேச்சில்லாமல் நம்பும். வீட்டில் தன்னை யாரும் அப்படி நம்புவதில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. பட்டன்களிலிருந்து பின்களுக்கு வயர் மாட்டியது அவர் மனைவி.

"என் டேபிள்ல தப்பே கிடையாது. வயர்தான் மாறியிருக்கு" என்றார் அவர்.

"உங்க டேபிளை முதல்ல ஒழுங்காப் படிச்சுப் பாருங்க" என்றாள் மனைவி.

"படிக்காமலா எழுதினேன்?"

"கேஸை அணைச்சுட்டேன்னு சொன்னப்பவும் இதே குரல்லதான் சொன்னீங்க."

ஆபீஸ் விவகாரத்தில் கேஸ் அடுப்பை இழுப்பதா! நாலு பேர் நடுவில் மானம் போன ஆத்திரத்தில் அவர் பேச்சை நிறுத்தினார். அவளும் நிறுத்தினாள்.

அடுத்த அறையில் தன் இடத்தில் உட்கார்ந்து பொருமினார். கோபம் கோபம்தான். ஆனால் வயரில்தான் தப்பு என்று முடிவானால் போவது அவள் வேலை. அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். பல்லைக் கடித்துக்கொண்டு அட்டவணையில் ஐந்தையும் ஆறையும் இடம் மாற்றி நாற்காலிக்கு அனுப்பினார்.

வாசலில் டெஸ்டர் நின்றிருந்தார். ஓய்வு பெறும் வயது, சண்டை சச்சரவே பிடிக்காத மனிதர்.

"அண்ணே, டேபிளை மாத்திட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

"சார், அதுல ஒரு சிக்கல்..."

"பண்ணுங்கன்னா!"

டெஸ்டர் பரிதாபமாகச் சத்தியம் செய்தார்.

திரும்பிப் போனால், நாற்காலிக்கு அடியில் மனைவி டார்ச்சோடு படுத்திருந்தாள். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. தன் மேல் பழி போட ஆதாரம் தேடுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் எழுந்ததும் மேனேஜர் ஏறி உட்கார்ந்து "மேலே" பட்டனை அழுத்தினார். நாற்காலி கீழே போனது.

"மாத்தினதுக்கு அப்புறமும் கீழே போகுதுன்னா, முதல்ல எழுதினதுதான் சரி! கடைசியில நான்தான் ஏமாளி!" என்று தனக்குள் குமுறியபடி ஓடிப்போய்ப் பழையபடி மாற்றினார். டெஸ்டரிடம் மறுபடி சத்தியம். திரும்பினால் மறுபடி நாற்காலிக்கு அடியில் இரண்டு பாதங்கள்.

மேனேஜர் அழுத்தினார். கீழே போனது.

"யாராவது எனக்கு எதிரா சதி பண்றாங்களா?" என்று அட்டவணைக்காரர் கூரையைப் பார்த்துக் கேட்டார். மனைவி அவரை முறைத்தாள்.

ஆத்திரத்தில் இந்த முறை வேறொன்றை மாற்றினார். ஏறுவதற்கான பின்னுக்கு மட்டும், அழுத்தினால் அழுத்தவில்லை, அழுத்தாவிட்டால் அழுத்தியது என்று அட்டவணையில் எழுதி அனுப்பினார். யாரோ "மேலே" பட்டனை விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருப்பதாக ஓஎஸ் நம்பிவிட்டது. பட்டனைத் தொடாமலே நாற்காலி மேனேஜரைத் தூக்கிக்கொண்டு ஏறத் தொடங்கியது.

"நிறுத்துங்கடா! குனிய இடமில்ல!"

மேனேஜரின் தலை விளக்கில் முட்டிய நேரம் பார்த்து பல் டாக்டர் உள்ளே வந்தார். வந்தவர் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார்.

"தப்பு யாருது?" என்று மேலேயிருந்து கேள்வி வந்தது. "இப்பவே தெரிஞ்சாகணும்!"

"என் டேபிள்தான்" என்றார் அட்டவணைக்காரர்.

"என் வயர்தான்" என்றாள் மனைவி, அதே மூச்சில்.

இருவரும் திடுக்கிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டெஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், உங்க ரெண்டு பேர்கிட்டயும் பண்ணின எத்தனை சத்தியத்தைத்தான் நான் காப்பாத்துவேன்? நீங்க மேடத்துக்குத் தெரியாம டேபிளை மாத்துற ஒவ்வொரு தடவையும், உங்க வேலை போயிடக் கூடாதுன்னு மேடம் உங்களுக்குத் தெரியாம வயரை மாத்தி மாட்டிட்டிருந்தாங்க!"