இருட்டுக்குப் போய் வந்த கலஞ்சோ

மேசையில் இரண்டு பூச்சாடி. ஒன்றில் சிவப்பாய்க் கொத்துக் கொத்தாய்ப் பூ. மற்றதில் இலை. வெறும் தடிச்ச இலை. அந்த வெறும் இலைக்குப் பொறுப்பு ஜெரிசன்.

“இதென்ன இஞ்சேருங்கோ?” என்றாள் அவன் பெண்சாதி றொசாந்தி.

“கலஞ்சோ.”

“பேர் கேக்கேல்லை. பூ எங்கை? கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்கு வைக்கப் பூ வரும் எண்டுதானே மூண்டு மாசமாத் தூக்கிக்கொண்டு திரிஞ்சனீங்கள்?”

பூவைப் பற்றி ஜெரிசனுக்கு ஒரு கவலையுமில்லை. அந்தச் சாடியைச் சாட்டித்தான் பின்னேரத்தில் வெளியில் போய்க்கொண்டிருந்தான். அந்தச் சாட்டுப் பறிபோகப் போகுதே, அதுதான் கவலை.

விசயம் இதுதான். யாகப்பு அண்ணையின் வலைக் கொட்டிலில் நாள்தோறும் முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம் நடக்கும். கடதாசியைக் கையில் எடுத்தால் ஜெரிசனுக்கு வீடு தெரியாது, பெண்சாதி தெரியாது, சொந்தப் பேரும் அரைவாசிதான் தெரியும். றொசாந்தி பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரே வசனம்: “இனிப் பொழுதுபட்டால் படலை தாண்டக்கூடாது.”

கொஞ்ச நாள் வீட்டுக்குள் கிடந்து புழுங்கினான். பிறகு போனைத் தட்டிக்கொண்டிருக்கும்போது மூளை வேலை செய்தது. அதுவே அபூர்வம்.

“றொசாந்தி, உன்ரை கலஞ்சோ ஏன் பூக்கேல்லை தெரியுமே? அதின்ரை சொந்த ஊர் மடகஸ்கார். அதுக்கு நீட்டு இரவு வேணும். பின்னேரம் ஆறு மணிக்கு இருட்டுக்கை வைச்சால் காலமை எட்டு மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் படக்கூடாது. எங்கடை வீட்டிலை எல்லா யன்னலாலையும் றோட்டு லைற் அடிக்குது. யாகப்பு அண்ணையின்ரை கொட்டிலுக்குக் கரண்டே இல்லை. நான் கொண்டுபோய் வைக்கிறன்.”

“வைச்சிட்டு வர எவ்வளவு நேரம்?”

“கண்டுக்குப் புது இடமெல்லே. கொஞ்சம் பக்கத்திலை இருக்க வேணும்.”

“அது மடகஸ்காரிலையிருந்து கொழும்புத்துறை மட்டும் வந்து சேர்ந்திட்டுது. உங்களுக்கு யாகப்பு அண்ணை வீட்டிலையிருந்து இஞ்சை வரத்தான் வழி தெரியாது” என்றாள். ஆனால் மறிக்கவில்லை.

அந்த இடத்தில் ஜெரிசன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற ஆளென்றால் இந்தக் கதையே இல்லை.

அன்றிலிருந்து சாடியைக் கைப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு ஒழுங்கையால் போனான். “என்ன தம்பி, பிள்ளைக்குத் தடுப்பூசியோ?” என்று சனம் கேட்டது. காலமை போய்த் தூக்கிக்கொண்டு வந்தான்.

“உங்கடை சாடி இருட்டுக்கைதானே இருந்தது?” என்றாள் றொசாந்தி இப்போது.

“சத்தியமாக் கும்மிருட்டு!”

“இந்தப் பூத்தது ஆர் தெரியுமே? உங்கடை சாடியின்ரை பிள்ளை. ஈஸ்ரர் முடியவே ஒரு கொப்பை முறிச்சு, வெட்டின இடம் காய விட்டு, மணலிலை ஊண்டி வைச்சனான். நீங்கள் தாயைத் தூக்கின நாளிலையிருந்து நான் ஒவ்வொரு பின்னேரமும் பிள்ளைக்கு மேலை சோத்துப் பானையைக் கவிட்டு வாறன்.”

“பானையோ? அப்ப வீட்டிலையே…”

“ஓம். இருட்டாக்க ஒரு பானை காணும்.”

“பிறகேனடி என்னைப் போகவிட்டனி?”

“கண்டு என்ன சொல்லுது எண்டு பாப்பம் எண்டுதான். இருட்டிலை இருந்தது பூத்திட்டுது. உங்கடையது பூக்கேல்லை. அப்ப கொட்டிலுக்கை லைற் எரிஞ்சிருக்கு. இருட்டுக்கை துரும்பு எந்தக் கடதாசி எண்டு தெரியாதெல்லே?”

மூன்று மாதமும் யாகப்பு அண்ணையின் சார்ஜ் லைற் விழாமல் இருக்க முட்டுக் கொடுத்ததே இந்தச் சாடிதான்.

“சரி, ஈஸ்ரருக்கெண்டாலும் பூக்கட்டும்” என்றாள் றொசாந்தி. “இண்டைக்கும் கொண்டுபோய் வையுங்கோ. யாகப்பு அண்ணையின்ரை மனுசி லூர்த்தம்மா அக்காட்டை எல்லாம் சொல்லிப்போட்டன். ஆரும் லைற் கொளுத்தாமல் பாக்க, கொட்டில் வாசல்லை துடுப்போடை குந்திக்கொண்டிருக்கிறா. உங்களைத்தான் பாத்துக்கொண்டிருப்பா, கெதியாப் போங்கோ.”

ஜெரிசன் போகவில்லை.