பார்ப்பவருக்கு மூன்று பிஸ்கட்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டால், அதைச் செய்து பார்க்காமல் விடமாட்டேன். போன வாரம் மகள் வந்து, ஏதோ ஓர் இணையத்தளம் தன் விளம்பர வருமானத்தை அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கே பிரித்துக் கொடுக்கப் போகிறதாம் என்று அதிசயமாகச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. (திறந்தால் அவள் அப்பா சிரிக்க ஆரம்பித்துவிடுவார்.) அந்தச் சோதனையை எழுபதுகளின் கடைசியிலேயே, தாப்பா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் நடத்திக் கெடுத்தாகிவிட்டது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம்வரை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அடுத்த மாதம் முதல் தேதி அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவதாகத் தோட்ட ஆபீஸ் கிராணியிடம் பெயரும் கொடுத்தாயிற்று. ரப்பர் காட்டுக் கொசுவை நினைத்தாலே எனக்கு அழுகை வரும்.

தப்பிக்க ஒரு வழி வந்தது. தாப்பா மளிகைக் கடை முதலாளி ஒருவர், எங்கள் தோட்ட மண்டபத்து டிவிக்கு மேலே தன் கடைப் போர்டை மாட்ட அனுமதி கேட்டார். தோட்டத்துக்கே அந்த ஒரு டிவிதான். சனிக்கிழமை சாயங்காலத் தமிழ்ப் படம் என்றால் லயத்து வீடுகளே காலியாகிவிடும். வாடகை, வாரம் ஒரு டின் பிஸ்கட். இளைஞர் மன்றச் செயலாளர் என்ற முறையில் (ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்) பேசி முடித்தேன்.

"மூணு வாரம் பாப்பேன்லா. சனங்க போர்டைப் பாத்துட்டுக் கடைக்கு வந்தா, கணக்கு எழுத உன்னையே வச்சிக்கிறேன்" என்றார் முதலாளி.

மன்றத்தில் நாலு பேர் சேர்ந்து டின்னைக் காலி செய்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். என் மண்டை சும்மா இருக்கவில்லை. போர்டைப் பார்ப்பது சனங்களின் கண். அப்படியானால் பிஸ்கட் யாருடையது? பங்கு கொடுத்தால் இன்னும் நிறையப் பேர் பார்ப்பார்களோ? ஆளுக்கு மூன்று பிஸ்கட் என்று அறிவித்துவிட்டேன்.

முதல் வாரம் நல்லபடியாகப் போனது. இரண்டாம் வாரம் பக்கத்துத் தோட்டமும் வந்து இறங்கியது. ஒரு பெண் கைக்குழந்தையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுவும் பாக்குதுக்கா. கண்ணு முழிச்சிருக்கு பாருங்க."

"நான் போர்டை ரெண்டு தடவ படிச்சேன், ஆறு குடு" என்றார் ஒரு பெரியவர்.

டிவி பக்கத்தில் இருந்த டின்னுக்குள் படம் முடிவதற்குள்ளேயே பல கைகள் போய்வந்தன. அதனால் மூன்றாம் வாரம் டின்னைப் பின்சுவர் ஓரமாக மேசைமேல் வைத்து, பக்கத்து வீட்டு மங்களம் அக்காவைக் காவலுக்கு உட்கார வைத்தேன். அக்கா தன் பிள்ளைகளுக்கு முதலிலேயே கொடுத்துவிட்டாள் என்று யாரோ கிளப்பிவிட, மொத்தக் கூட்டமும் திரும்பி உட்கார்ந்து டின்னையே பார்க்கத் தொடங்கியது. டிவியில் கதாநாயகி தனியாக அழுதுகொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால், நானும் டின்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். தன் போர்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஓர் இளைஞனின் தோளைத் தட்டினார்.

"தம்பி, இங்க ஒரு கடை போர்டு மாட்டியிருக்கே, என்ன பேரு?"

அவன் டின்னை விட்டுக் கண்ணை எடுக்காமல், அதில் அச்சடித்திருந்த பிஸ்கட் கம்பெனியின் பெயரைச் சத்தமாகப் படித்தான்.

முதலாளி நாற்காலிமேல் ஏறித் தன் போர்டைத் தானே கழற்றினார். யாரும் கவனிக்கவில்லை. நான் மோட்டார் சைக்கிள்வரை பின்னாலேயே ஓடினேன்.

"முதலாளி, நான் எப்ப வேலைக்கு வர்றது?"

"நீ உள்ள போம்மா. டின்னு தொறந்து கெடக்கு."

முதல் தேதி பால் வெட்டப் போனேன். முதல் மரத்தடியிலேயே அழுதேன். ஐந்து வருடம் வெட்டினேன்.

பிறகு அந்த இளைஞரையே கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தேன். (ஒரு டின்னை அவ்வளவு கவனமாகப் பார்க்கிறவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று தெரிந்துகொள்ள ஆசை.) இன்றைக்கும் டிவியில் விளம்பரம் வந்தால், வீட்டுக்கு யார் வந்திருந்தாலும் சரி, மனிதர் நாற்காலியைச் சமையலறைப் பக்கம் திருப்பிப் போட்டுவிடுவார்.

"என் பங்கு வரட்டும்லா. அப்புறம் பாக்குறேன்."

எண்ணி மூன்று பிஸ்கட் வைப்பேன். நாலாவது கேட்டால், பால் வெட்டப் போகச் சொல்வேன்.