நாலு சக்கரத்துக்குப் பதினான்கு விதிகள்

இந்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான் எடுத்தேன். வாய்விட்டு எடுத்தால் சமையலறை வரை கேட்கும்.

என் மனைவி செடி நர்சரி நடத்துகிறாள். நான் வாரத்தில் ஆறு நாள் அலுவலகக் கோப்புகளுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறவன். ஏழாவது நாள் தலையணைக்குச் சொந்தம். இதற்குக் குறுக்கே வந்து நின்றது ஒரு நாலு சக்கர பேட்டரி பைக். நர்சரிச் சேற்றில் வேன் புதைந்துபோகிறது என்று அவள்தான் வாங்கினாள். வந்த அன்றைக்கே அதை ஒரு சுற்று சுற்றி வந்து, "இதெல்லாம் எல்லாராலயும் ஓட்டிட முடியாதும்மா, நான்தான் ஓட்டணும்" என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே!

அன்றிலிருந்து ஞாயிறு காலை ஆறு மணிக்கு ரெயின்கோட்டோடு வீடு வீடாகப் பூந்தொட்டி இறக்குகிறேன். மழை பெய்தால் ஜனங்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டியதுதானே? இல்லை, அப்போதுதான் செடி வைக்க ஆசை வருகிறதாம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். ஈரக்காலப் பராமரிப்பு என்று ஒரு பக்கம். அதைப் படித்ததும் எனக்கு ஞானம் பிறந்தது.

"ஏம்மா, நாளைக்கு வண்டியை எடுக்க முடியாது."

"ஏன்?"

"மழையில ஓடின வண்டி. அதுக்குப் பராமரிப்பு இருக்கு. லேசுப்பட்டதில்ல. ஒரு நாள் முழுக்க ஆகும்."

"தொடைச்சா போதாதா?"

"தொடைச்சாவா!" நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். "உள்ள மோட்டார் இருக்கு, பேட்டரி இருக்கு, வயர் இருக்கு. இது என்ன மிதியடியா?"

அவள் சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. "சரிங்க, நீங்க சொன்னா சரிதான். எனக்கு மறந்துடும், என்னென்ன செய்யணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்களேன். உங்க கையெழுத்து அழகா இருக்கும்" என்றாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் என் கையெழுத்தை அவள் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

எழுதினேன். சேற்றைக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காமல் ஈரத்துணியால் எடுக்க வேண்டும். சார்ஜ் போடும் துளையைக் காயவைக்காமல் சார்ஜ் போடக் கூடாது. வயர் முனைகளுக்கு கிரீஸ். செயினுக்கு எண்ணெய். பிரேக் பார்க்க வேண்டும். டயரில் காற்று பார்க்க வேண்டும். ஆறோடு கையேடு முடிந்துவிட்டது. ஆறுக்கு ஒரு நாள் எப்படி ஆகும்? ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுமே! மீதி எட்டை நானே பெற்றெடுத்தேன். டயர் பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். சுவிட்ச் இடுக்குகளில் பஞ்சுக் குச்சி. சீட்டுக்கு அடியில் தலைமுடி காயவைக்கும் மெஷினால் நாற்பது நிமிஷம் சூடுகாற்று. கடைசியில், 'இவற்றில் ஒன்று தவறினாலும் வண்டி நிரந்தரமாகப் படுத்துவிடும்' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் பத்து மணி வரை தூங்கினேன். அடடா, அதுவல்லவா தூக்கம்!

அடுத்த ஞாயிறும் அவள் என்னை எழுப்பவில்லை; எட்டரைக்கு எழுந்து பால்கனியில் நின்று சோம்பல் முறித்தேன். கீழே வண்டியைக் காணோம். வாட்ச்மேனைக் கேட்கலாம் என்று இறங்கும்போது அதுவே வந்தது. மேலே என் மனைவி. வண்டி முழுக்க அரை அடி சேறு.

"நீ எப்போ ஓட்டக் கத்துக்கிட்ட?"

"இந்த வாரம்தாங்க. மாடி வீட்டு லிஃப்ட் மெக்கானிக் அண்ணன் சொல்லிக் குடுத்தார். கால் மணி நேரத்துல வந்துருச்சு. எவ்வளவு சுலபம் தெரியுமா?"

"மழையில ஏன் எடுத்த?"

"எடுத்தா என்ன? அதான் பராமரிப்புக்கு நீங்க இருக்கீங்களே." இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மழை படாமல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாள். "ஒண்ணுலேர்ந்து ஆரம்பிங்க. பல் பிரஷ் புதுசா வாங்கி வெச்சிருக்கேன்."

அன்று சாயங்காலம் நாலரை மணிக்குத்தான் நான் சாப்பிட்டேன்.

ஐந்து ஞாயிறுகள். மழையும் விடவில்லை, அவளும் விடவில்லை. முன்பாவது காலை ஒன்பதரைக்கு விடுதலை கிடைத்தது. இப்போது சூரியன் மறையும் வரை சீட்டுக்கு அடியில் சூடுகாற்று ஊதிக்கொண்டிருந்தேன். போகிற வருகிற ஆட்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு டீச்சர் தன் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தே காட்டினார். "பாருங்க, எவ்வளவு பொறுப்பு!" அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது.

ஆறாவது ஞாயிறு என் முதுகு பேச ஆரம்பித்துவிட்டது. பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால் மானம் போகும். ஒப்புக்கொள்ளாவிட்டால் முதுகு போகும். மானம் போனாலும் நிமிர்ந்து நடக்கலாம், முதுகு போனால் முடியாது. பல் பிரஷ்ஷைக் கீழே போட்டேன்.

"ஏம்மா, ஒரு விஷயம்."

"சொல்லுங்க."

"அந்தப் பதினாலுல ஆறுதான் நிஜம். மீதி எட்டு... நானா சேர்த்தது."

"தெரியுமே."

"தெரியுமா! எப்போலேர்ந்து?"

"நீங்க எழுதின அன்னிக்கே அண்ணன்கிட்ட காட்டிட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சார். ஆறு போதும்னார்."

"அடிப்பாவி! அப்புறம் ஏன் அஞ்சு வாரமா என்னைத் தேய்க்க விட்ட?"

"ஆசையா எழுதியிருந்தீங்க, கெடுப்பானேன்னு விட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட நிம்மதி நிறைய வந்தது. ஒரு மணி நேர வேலை! துடைத்துப்போட்டுவிட்டு மதியம் வரை புரளலாம். ஞாயிற்றுக்கிழமை கைக்குத் திரும்பி வந்துவிட்டது. சிரித்தேவிட்டேன்.

"அப்போ இனிமே ஆறு போதும்தானே?"

"ஆறு போதும்ங்க, தாராளமா. எப்படியும் இந்த வாரம் ஒத்துக்குவீங்கன்னுதான் இன்னொரு வண்டிக்குச் சொல்லி வெச்சேன், நாளைக்கு வருது. ஆறும் ஆறும் பன்னிரண்டு. உங்களுக்கு ரெண்டு மிச்சம்."