மூன்று ஊர்களும் ஒரு முடிவும்: மச்சானுக்கு என் விளக்கம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. அங்கே வீட்டில் அனைவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன். இங்கே உங்கள் தங்கை நலம். உங்கள் மருமகள் நலம். நான், மூக்கு நீங்கலாக, நலம்.

போன வாரம் நீங்கள் போனில், "எந்த ஊர்தான் முடிவாச்சு மாப்பிள்ளை? கேக்குறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டபோது, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் அருமையாகத்தான் இருந்தது. பதில்தான் இல்லை. இப்போது இருக்கிறது. ஆனால் அதை ஒரே வரியில் சொன்னால் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். ஆகவே ஆதியிலிருந்து வருகிறேன்.

செயற்கைக் கால் செய்து பொருத்துவதில் உங்கள் தங்கையின் கைராசி உங்களுக்குத் தெரியும். அவளைக் கூப்பிட்டிருக்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு மூன்று ஊர்களில் பட்டறை இருக்கிறதாம். அவர்கள் கொடுத்தது ஊர்ப் பெயர்களை மட்டும்தான். அட்லஸில் நான் தேடிப் பார்த்ததில், ஒன்று தலைநகரம், ஒன்று துறைமுகம், ஒன்று மலை. எது வேண்டுமோ அதைப் படிவத்தில் எழுதி மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொன்னார்கள். அவள் படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இருபத்திரண்டு வருஷமா பசங்களுக்கு உலகத்தையே சொல்லிக் குடுக்குறீங்க. மூணு ஊர்ல ஒண்ணைச் சொல்ல மாட்டீங்களா?" என்று என் கையில் திணித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

புவியியல் ஆசிரியனுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் உண்டா, மச்சான்? அன்றே பெரிய சார்ட் தாள் வாங்கி, கூடத்துச் சுவரில் ஒட்டி, வாடகை, மழை, வெப்பநிலை, பள்ளிக்கூடம், பஸ் வசதி என்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்து, இரண்டு நாள் உட்கார்ந்து கூட்டினால், மூன்று ஊரும் அறுபத்தொன்று. நான் மறுபடி கூட்டினேன். அதே அறுபத்தொன்று. உங்கள் மருமகள் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, "மூணு பேரும் பாஸ்பா, யாரையும் திட்டாதீங்க" என்றாள்.

என் தவிப்பைப் பார்த்த எங்கள் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர், "குளிரை அட்லஸ்ல பாத்தா தெரியுமா சார்? உடம்பால பாக்கணும்" என்று சொல்லி, மலை ஊர்க் குளிரை நான் தாங்குவேனா என்று சோதிக்க, தன் மாமனாரின் உருளைக்கிழங்குக் குளிர்சாதனக் கிடங்குக்கு அழைத்துப் போனார். இரண்டு ஸ்வெட்டர், ஒரு குல்லாய், கையில் வெப்பமானி. மூட்டைகளுக்கு நடுவே நாற்பது நிமிடம் நின்றேன், மச்சான். குளிர் என்னை ஒன்றும் செய்யவில்லை. வெளியே வந்ததுதான் தப்பு. சூடான காற்று பட்டதும் மூக்குக் கண்ணாடி முழுக்கப் பனி மூடிவிட்டது. எதிரே இருந்த எடைமேடைக் கம்பத்தை யாரோ ஆள் என்று நினைத்து, "கொஞ்சம் வழி விடுங்க" என்று பணிவாகச் சொல்லிக்கொண்டே போய் முட்டினேன். கம்பம் வழி விடவில்லை. அன்று சாயங்காலம் உங்கள் தங்கை என் மூக்கில் ஐஸ் கட்டி வைத்தபடி, "குளிர் போதுமா, இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று கேட்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இணையத்தில் தேடியதில் மலை ஊரில் ஒரு வீட்டுத் தரகர் அகப்பட்டார். நம் மொழி பேசுகிறவர். விடுவேனா? அவருக்கு ஓய்வான நேரம் எனக்கு மூன்றாவது பீரியட். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நதிகளின் வரைபடம் போடச் சொல்லிவிட்டு, மேசை மறைவில் போனை வைத்துக்கொண்டு, அவர் காட்டிய வீடுகளைப் பார்த்தேன். வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. என் மேல் இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோனேன். இரண்டாவது வீட்டின் சமையலறை வந்தபோது முன் பெஞ்சுப் பெண் கை தூக்கி, "சார், அந்த வீடு வேணாம் சார். ஜன்னலே இல்ல" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். காலையில் ஒரு நதி ஓடும் காட்சியைக் காட்ட என் போனை வகுப்பின் பெரிய திரையோடு இணைத்திருந்தேன். கழற்றவில்லை. தரகர் சுவர் அளவுக்கு நின்றுகொண்டிருந்தார். வாசலில் தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார்.

"குடியிருப்பு வகைகள் பாடமா சார்? ரொம்ப நல்லா நடத்துறீங்களே" என்று அவர் மலர்ந்த முகத்தோடு சொல்லி வாய் மூடவில்லை, திரையிலிருந்து தரகர், "அப்ப வாத்தியார் வேலைய எப்ப சார் விடுறீங்க? அதச் சொன்னாத்தான் நான் சாவிக்கு ஏற்பாடு பண்ண முடியும்" என்றார்.

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். வேலை போயிற்று, மானமும் போயிற்று என்று நின்றேன். மூன்றாவது வீடு முடியும்வரை பார்த்தவர், "இத எடுங்க சார். வெயில் உள்ள வருது" என்று சொல்லிவிட்டு நடந்தார். வகுப்பு கை தட்டியது.

சரி, மூன்றாவது வீடு கிடைத்துவிட்டது, ஊரும் கிடைத்த மாதிரிதான் என்று மறுநாள் அந்த சார்ட் தாளைச் சுருட்டிக்கொண்டு உங்கள் தங்கையின் பட்டறைக்கே போனேன். அங்கே நடந்ததைத்தான் உங்களுக்கு முக்கியமாக எழுத வேண்டும்.

உடம்பெல்லாம் பிளாஸ்டர் தூளோடு அவள் தரையில் மண்டியிட்டிருந்தாள். இரண்டு கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே ஒரு பஸ் கண்டக்டர் புதுக்காலோடு நின்றுகொண்டிருந்தார். "உங்க வீட்டுக்குப் போற வழியில எத்தனை படி?" என்றாள். "பதினாறும்மா." "கைப்பிடி இருக்கா?" "இல்லம்மா." "அப்ப முட்டி இன்னும் கொஞ்சம் மடங்கணும். உக்காருங்க." ஏதோ திருகினாள். அவர் எழுந்து நடந்தார். நாலாவது அடியில் கம்பியை விட்டார். நான் சார்ட் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அவர் போனதும் அவள் தன் போனைக் காட்டினாள். இத்தனை நாளாக அவளும் அந்த மூன்று ஊர்களையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒரு வீட்டைக்கூடப் பார்க்கவில்லை. தெருக்களை மட்டும் பார்த்திருக்கிறாள்.

"தலைநகரத்துல நடைபாதை வழவழன்னு இருக்கு. துறைமுகம் சமதளம். இந்த மலை ஊரப் பாருங்க. வீட்டுக்கு வீடு படி. கால் போன ஒருத்தர் இங்க எப்படிங்க வெளிய வருவாரு?"

"அதனால அந்த ஊர் வேண்டாம்னு சொல்றியா?"

"அதனாலதாங்க அந்த ஊர்."

மச்சான், இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். பத்து வருடத்துக்கு முன்பும் அவளுக்கு இப்படி ஒரு வேலை வந்து கைநழுவிப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தை சின்னவள் என்று உங்களிடம் காரணம் சொன்னோம். குழந்தை காரணமில்லை, நான்தான். உலக வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவனுக்கு, அதற்குள் காலை வைக்கப் பயம். "பாக்கலாம், பாக்கலாம்" என்றே நாலு மாதம் ஓட்டினேன். அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் இன்றுவரை அதை ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இந்தத் தடவ நான் பாக்கலாம்னு சொல்ல மாட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "உருளைக்கிழங்கோட போய் நாப்பது நிமிஷம் நின்னீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

ஆக, முடிவு: மலை ஊர். கேட்பவர்களுக்குத் தைரியமாகச் சொல்லலாம். மூவருக்கும் கம்பளிக் கோட்டு வாங்கியாகிவிட்டது. படி ஏறிப் பழகுவதற்காக எங்கள் குடியிருப்பின் நாலு மாடியையும் தினம் இருமுறை ஏறி இறங்குகிறேன். உங்கள் மருமகள் கடிகாரத்தோடு நின்று, "நேத்தவிட மோசம்பா" என்று உற்சாகப்படுத்துகிறாள். மூன்றாவது வீட்டுக்குச் சரி என்று தரகரிடம் சொல்லிவிட்டேன்.

வயதில் பெரியவர் நீங்கள். ஆகவே ஆசி சொல்லும் வேலை உங்களுடையது. வழக்கமாக அனுப்புவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அனுப்பினால் பயணத்துக்கு உதவும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் அன்பும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை இனித் தட்டாத,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்துவிட்டு எழுதுகிறேன். பட்டறைக்குப் போக எத்தனை படி ஏற வேண்டும் என்று கேட்க உங்கள் தங்கை இன்று அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தாள். எடுத்த அம்மாள், "படியா? எங்க ஊர்ல பஸ்ல ஏறுற படிதான் இருக்கிறதுலயே உயரம்" என்றாராம். விசாரித்ததில், ஒரே பெயரில் இரண்டு நாடுகளில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. நாங்கள் பார்த்த மலை, பனி, தெரு, தரகர், வெயில் வரும் வீடு எல்லாம் இன்னொரு நாட்டில். நாங்கள் போக வேண்டிய ஊர் உள்ளங்கை மாதிரி தட்டை, வருடம் முழுக்கப் புழுக்கம். தரகரைக் கேட்டால், "எந்த நாடுன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்" என்கிறார். உங்கள் தங்கை சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி போன் போட்டு, அங்கே காலுக்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டாள். நானூறு பேராம், செய்து பொருத்த இருப்பது ஒரே ஒரு ஆளாம். வைத்த கையோடு படிவத்தில் அந்த ஊரையே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். எனக்கு ஒரே ஒரு நிபந்தனை: "அங்க யாராவது என்ன வேலை பாத்தீங்கன்னு கேட்டா, கணக்கு வாத்தியார்னு சொல்லுங்க."